உன் போனுக்கு இன்னும் எச்சரிக்கை வருகிறது

என் ஆசை அண்ணனுக்கு,

கடலுக்குப் போன நீ திரும்பவே இல்லை. உடல் கிடைக்காததால் உனக்குக் காரியம் செய்ய அம்மா விடவில்லை. அன்றைக்கு அவசரத்தில் நீ வீட்டிலேயே விட்டுப்போன போனுக்குத் தினமும் சார்ஜ் போட்டு வைத்தாள். 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று அதற்கு இன்னும் எச்சரிக்கை வருகிறது. அதைப் பார்க்காமலே படகு ஏறினாயே, அறிவிருக்கிறதா உனக்கு?

குப்பத்து வீட்டை அலை அரித்துப் போட்டது. செம்பாக்கம் ஏரிப் பக்கம் கீழ்வீட்டுக்கு வாடகைக்கு வந்துவிட்டோம். நான் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறேன். கடலை விட்டுத் தள்ளி வந்தாச்சு, இனித் தண்ணீர் பயமில்லை என்று நினைத்தேன். என்ன புத்தியோ!

போன மழையில் ஏரி நிரம்பித் தெருவுக்குள் வந்தது. மதியத்துக்குள் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். மாடிவீட்டு பாத்திமா அக்கா கத்திக் கத்திக் கூப்பிட்டார். அம்மா கட்டிலை விட்டு நகரவில்லை.

"ஏறுன தண்ணி எறங்கும்டி. நாம பார்க்காத தண்ணியா?"

"ஐயோ, இது கடல் இல்லம்மா, ஏரி. எறங்காது!"

"போடி. கடலுதான் என்னைத் தேடிக்கினு வந்துகீது. கூடவே உங்க அண்ணனும் வருவான். கதவ சாத்தாத."

வரமாட்டாய் என்று தெரிந்தும் வாசலைப் பார்த்தேன் அண்ணா. பார்க்காமல் இருக்க முடியவில்லை. நிஜமாகவே நீ வந்து நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

தண்ணீர் கட்டில் பலகையைத் தொட்டது. அம்மா குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தாள்.

"உப்பே இல்லியேடி" என்றாள். "இதுல அவன் வரமாட்டான்டி."

ஓவென்று அழுதாள். நீ போனபிறகு அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். அப்புறம் அவளாகவே என் தோளைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். அவள் பிழைத்தாள் அண்ணா.

போன மாதம், நீ கடலுக்குப் போன நாளன்று உன் படத்துக்கு மாலை போட்டு, உனக்குப் பிடித்த வஞ்சிர மீன் குழம்பு வைத்துப் படைத்தாள். படைத்து முடித்ததும் உன் போனை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இனிமே அவனுக்கு இது வேணாம். நமக்குத்தான் வேணும்."

இப்போது வானம் மறுபடியும் கறுத்திருக்கிறது. உன் போன் என் இடுப்பில்தான் இருக்கிறது. கனமழை என்று அது அலறினால், தண்ணீர் தெருவுக்கு வரும் முன்பே அம்மாவை மாடிக்குக் கூட்டிப்போய்விடுவேன். சத்தியம். நீ பார்க்காமல் போன எச்சரிக்கையை நான் பார்ப்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி