சுருட்டும் செரூட்டும்

மார்ச் 4
பேராசிரியரின் கட்டுரை வந்துவிட்டது. ஆங்கில ‘செரூட்’ நம் சுருட்டுதான் என்பது ஊரறிந்தது. பிரெஞ்சுக்காரன் வாய் வழியாகப் போனது என்கிறது அகராதி. இல்லை, மாலுமிகள் நம்மிடமே நேராக வாங்கிப்போன சொல் அது. பழைய புத்தகங்களின் முதுகுக்குள் திணித்திருந்த கப்பல் சரக்குத் தாள்களில் அதைக் கண்டுபிடித்தவன் நான். நூலக பைண்டராக முப்பத்தொரு வருஷம். பார்த்ததைக் கார்டில் எழுதிக்கொண்டு, தாளை இருந்த முதுகிலேயே வைத்துக் கட்டிவிடுவேன். இருநூற்றுப் பன்னிரண்டு கார்டு. அவருக்குப் படிக்கத்தான் கொடுத்தேன். கட்டுரையில் நான் யார்? ‘பைண்டர் ஒருவர்.’

மார்ச் 5
“எழுபத்தி மூணு வயசுல ஒரு வார்த்தைக்காக மல்லுக்கு நிக்கணுமா?” என்கிறாள் மனைவி. நிற்பேன்.

மார்ச் 19
பேராசிரியர் போன் செய்தார். புத்தகமாகப் போடுகிறாராம், அதை வைத்து அகராதிக்காரர்கள் பதிவையே திருத்துவார்களாம். “மிச்சம் கார்டு இருந்தா குடுங்கய்யா, உங்க பேரப் போட்டுடலாம்.”
எங்கே, அட்டைக்கு அடியிலா?
இல்லாத ஒரு தாளுக்குக் கார்டு எழுதினேன். மற்ற எல்லாவற்றையும்விட இருபது வருஷம் முந்தைய தேதி. அவர் சரிபார்க்க மாட்டார். புத்தகத் தூசி பட்டால் தும்முகிற ஆள்.

மார்ச் 22
வந்தார். அந்தக் கார்டைத்தான் முதலில் சட்டைப்பையில் வைத்தார். “இது எங்கய்யா கெடச்சுது?”
“ஒரு முதுகுல.”

செப்டம்பர் 9
புத்தகம் வந்தது. என் பொய்தான் முதல் அத்தியாயத்தின் முதல் வரி. அந்தத் தாளை அவரிடம் கேட்டுப் பாருங்கள் என்று அகராதி அலுவலகத்துக்குக் கடிதம் போட்டேன். தபால் பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

செப்டம்பர் 30
“நீங்கதான குடுத்தீங்க?” என்றார் பேராசிரியர் போனில்.
“நீங்கதான கண்டுபிடிச்சீங்க?”
இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 14
அகராதிக்காரர்களின் பதில். ஒரு தாள் பொய் என்பதால் எதையும் நேரில் பார்க்காமல் ஏற்பதற்கில்லை. பதிவு பழையபடியே. பிரெஞ்சுக்காரன் வாய் வழியாக.
“அப்ப உங்க கார்டெல்லாம்?” என்றாள் மனைவி.


நவம்பர் 15
நூலகத்துக்குப் போனேன். உள்ளே இருக்கும் தாள்களை எடுக்க முதுகுகளைப் பிரிக்க வேண்டும் என்றேன். புது பைண்டர் நல்ல பிள்ளை. நாற்காலி போட்டு உட்காரவைத்தான்.
“நல்லா இருக்கற புக்கைப் பிரிக்க விடமாட்டாங்கய்யா. தானா கிழிஞ்சு வந்தாத்தான்.”
“எப்ப கிழியும்?”
ஒன்றை எடுத்து முதுகைத் தட்டிப் பார்த்தான். “நீங்க கட்டுனதாச்சே. நூறு வருஷம் அசையாது.”
கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு தையல்கூட விடவில்லை.