ஒரு படித் தவிடும் ஒரு பெயரும்

7-6-54, திங்கள்

விடாத மழை. மிளகாய் மூட்டை நனைந்துவிட்டது. உலர்த்த இடமில்லை.

தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பொன்னம்மா வந்தாள், ஒரு மாதக் குழந்தையோடு. பெண். முன்னால் பெற்ற இரண்டும் மூன்று மாதம் தாண்டவில்லை.

"இத நீங்க தவுட்டுக்கு வாங்கிக்கிடணும்க்கா. ஒங்க புள்ளன்னு ஆயிட்டா எமன் வேற வூடுன்னு வுட்டுருவான். அப்புறம் நானே வளக்குறேன். பேரு மட்டும் நீங்கதான் வைக்கணும்."

அவர்கள் வழக்கமாம். எங்களுக்கு எமன் கிடையாது என்று சொல்ல வந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சரி என்று சொல்லிவிட்டேன்.

9-6-54, புதன்

மழை. அவர் கொழும்பிலிருந்து கடைச் சரக்கோடு வந்தார். சீனி, பருப்பு, தீப்பெட்டி. விளக்குத்திரி மறந்துவிட்டார்.

பெயர் யோசித்தேன்.
ஸகீனா - மன அமைதி.
ஜமீலா - அழகி. குழந்தை அப்படியொன்றும் அழகில்லை.
ஆயிஷா - வாழ்கிறவள். அரபியில் 'ஐஷ்' என்றால் வாழ்வு, அதிலிருந்து வந்தது. நபிகள் நாயகத்தின் மனைவி பெயர்.

இரண்டைப் புதைத்தவளுக்கு இதை விட்டால் வேறு எந்தப் பெயர்? ஆனால் இது என் மகளுக்கென்று வைத்திருந்த பெயர். கல்யாணமாகி ஒன்பது வருஷம். மகள்தான் வரவில்லை.

அவரிடம் சொன்னேன். "பேருதானே புள்ள, குடுத்துட்டுப் போயேன்." அவருக்கு எல்லாமே சரக்கு. அடுப்படியில் போய் அழுதேன்.

11-6-54, வெள்ளி

மழை விட்டது. பொன்னம்மாவின் முந்தானையில் ஒரு படித் தவிடு போட்டேன். குழந்தை என் கைக்கு வந்தது. என்ன சூடு அந்த உடம்பு! காதில் பெயரைச் சொன்னேன். பொன்னம்மாவுக்கு அர்த்தம் சொன்னேன்.

"வாழ்றவளா? அது போதும்க்கா."

'கொண்டுபோய் வளத்துக் குடு' என்று நான் சொல்ல வேண்டும். சடங்கு அவ்வளவுதான். வாய் வரவில்லை. குழந்தை என் விரலைப் பிடித்திருந்தது. பொன்னம்மா கை நீட்டியபடியே நின்றாள். சிரிப்பு போய்விட்டது, பயந்துவிட்டாள் பாவம்.

"அக்கா... சொல்லுங்கக்கா."

சொன்னேன். கொடுத்தேன்.

12-6-54, சனி

மறுபடி மழை. அவர் ஹட்டன் போயிருக்கிறார். கடையில் ஒரு ஆள் இல்லை. காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை. ஒருத்திக்கு என்ன சமையல், கஞ்சி வைத்தேன்.

பின்கதவைச் சாத்திவிட்டு, ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஆயிஷா, கஞ்சி குடிக்க வா.