மீசைக்காரரின் இடக்கை

மச்சான்,

நீ போய்ச் சேர்ந்த முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, உன் மனைவி அறைக்குள் போய் ஒரு பழைய எக்ஸ்ரே உறையைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். உள்ளே மடித்த பள்ளிக் கொப்பித் தாள் ஒன்று. விரிக்க முதலே காறிப்போன தேங்காய் எண்ணெய் மணத்தது. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த மணம் தாளை விட்டுப் போகவில்லை.

அது இப்போது கொக்குவிலில் என் மேசையில் கிடக்கிறது. பக்கத்தில் நான் கீறிக் கொடுக்கவேண்டிய ஒரு வீட்டுப் பிளான். சுன்னாகத்தில் வெங்காய வியாபாரி ஒருவர் மாடி எடுக்கிறார். படிக்கட்டை எந்தப் பக்கம் வைப்பது என்று மூன்று தரம் மனம் மாறிவிட்டார். நாலாந்தரம் கீற இருந்தவன் பென்சிலை வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். அலுப்பாக இருக்கிறது. கீறிக் கீறி வந்த அலுப்புப் பாதி. ஞாயிறு காலையில் விழித்து, போக இடமில்லை என்று நினைவு வந்து, திரும்பவும் படுக்கிற அலுப்பு மீதி.

நாலு வருஷம் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நமக்குப் பதினாறு வயது, சண்டைக் காலம். கரண்ட் இல்லை, ரீவி இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அமெரிக்காவில் சம்பளம் வாங்கி பாஸ்கற்போல் விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே நமக்கு வாய்வழிச் செய்தி. அப்போதுதான் மேல்வகுப்பு அண்ணை ஒருவர் கொழும்பிலிருந்து வந்த சஞ்சிகை ஒன்றின் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தார். பெரிய மீசை வைத்த ஒருவர் அந்தரத்தில் நின்று பந்தை எறிகிற படம். நெஞ்சுக்குக் கீழே கிழிந்து போயிருந்தது. மேல் ஓரத்தில் பெயர் இருந்தும் நாம் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கடைசிவரை அவர் மீசைக்காரர்தான்.

"பின்னேரத்துக்கிடையிலை தந்திட வேணும்" என்றார் அண்ணை. நீ அன்றைக்குக் குருநகர்க் கரையில் ஐயாவோடு வலை இழுக்கப் போயிருந்தாய். உனக்கும் வேண்டுமே என்று நான் ஒரு கொப்பித் தாளுக்கு எண்ணெய் பூசி வெயிலில் காயவிட்டு, கண்ணாடிபோல் வந்ததும் படத்தின் மேல் வைத்துக் கீறினேன். பிறகு அந்தத் தாளை இன்னொரு தாளின் மேல் கவிழ்த்து, கரண்டியின் முதுகால் தேய்த்தேன். பென்சில் கோடு அச்சொட்டாக இறங்கியது, எண்ணெயும் கொஞ்சம் இறங்கியது. அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பிரதியைத்தான் உன்னிடம் தந்தேன். அசலை நீ காணவே இல்லை.

கவிழ்த்துத் தேய்த்தால் வலம் இடமாகும். இன்றைக்கு நித்திரையிலும் எனக்கு அது தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. மீசையும் விரல்களும் சரியாக வந்துவிட்டன என்ற சந்தோஷப் புளுகத்தில் மற்றதெல்லாம் மறந்துபோனது.

நீ படத்தை வெகுநேரம் பார்த்தாய். "இடக்கையாலை எறியிறார் பார்" என்றாய். "காவலுக்கு நிக்கிறவனுக்கு உந்தக் கை எங்கையிருந்து வரும் எண்டு தெரியாது. உவரை ஒருத்தனாலும் மறிக்கேலாது."

அடுத்த நாளே வலக்கைக்காரனாகிய நீ கையை மாற்றினாய். பள்ளிக்கூட பாஸ்கற்போல் மாஸ்டர் உனக்கு விசரோ என்று கேட்டார். நீ கேட்கவில்லை. இடக்கையால் எறிந்தது போர்டிலும் படாமல் போனது. சுற்றுப்போட்டிக்கு ரீம் எடுத்தபோது உன்னை இருத்திவிட்டு உன் இடத்துக்கு என்னை எடுத்தார்கள். அதில் கிடைத்த சான்றிதழ் நேற்றுவரை என் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. உன் இடக்கை சரிவந்த நேரத்தில் ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது நமக்கு விளையாட ரீமும் இல்லை, வயதும் இல்லை. கோயிலடிக் கோர்ட்டில் துருப்பிடித்த ரிங்குக்கு நீயே பழைய நைலோன் வலையைக் கட்டி, ஐஸ் பக்டரி வேலை முடிந்து வந்து தனியே இடக்கையால் எறிவாய். சத்தமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக விழும். பார்த்துக்கொண்டு நின்றது அநேகமாக நான் மட்டும்தான்.

பிறகு நமக்கு மிஞ்சியது வாக்குவாதம். சீனி வருத்தம் முற்றி உன் கண்களைக் கொண்டுபோன காலத்தில்தான் என் கையில் நல்ல போன் வந்தது. அமெரிக்காவில் சனி இரவு நடக்கிற மட்ச் இங்கே ஞாயிறு காலை. நான் கொக்குவிலிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவேன். நீ ஜன்னலடிக் கதிரையில் முகம் கழுவி, தலை வாரி, தயாராக இருப்பாய். நான் பார்த்துச் சொல்வேன், நீ கேட்டுத் தீர்ப்புச் சொல்வாய்.

எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஷூட்டர் யார் என்பதுதான் வழக்கு. எனக்கு இந்தக் காலத்து ஆள் ஒருவன். சின்னவன் என்று அவனுக்கு நாம் பெயர் வைத்திருந்தோம். உனக்கு மீசைக்காரர்.

"நடுக்கோட்டுக்குக் கிட்ட நிண்டு எறியிறான் மச்சான். அவ்வளவு தூரத்திலை உன்ரை ஆள் எறிஞ்சிருக்கிறாரோ?"

"அவற்றை காலத்திலை அங்கையிருந்து எறிஞ்சால் வெளியிலை வாங்கிலை இருத்தியிருப்பாங்கள். விட்டிருந்தால் எறிஞ்சிருப்பார்."

"விட்டிருந்தால் எண்டது ஒரு கணக்கோ?"

"உன்ரை சின்னவனுக்கு நாலு பேர் மறைச்சு நிண்டு வழி விடுகினம். என்ரை ஆளை மேலை விழுந்து அடிச்சாலும் விசில் ஊதமாட்டாங்கள். அதுக்குள்ளையும் அந்தக் கை வரும். இடக்கையெல்லே. அவங்களுக்கு விளங்காது."

எத்தனை தரம் சுற்றினாலும் வாதம் கடைசியில் அந்த இடக்கையில்தான் வந்து நிற்கும். நான் எழும்பும்போது ஒவ்வொரு ஞாயிறும் நீ கேட்பாய், "வேறை ஏதும் பாயின்ற் இருக்கோ உன்னட்டை?" நான் இல்லை என்பேன். நீ தலையை ஆட்டுவாய்.

ஒரு ஞாயிறு மட்ச் இல்லை. போனில் தேடிக்கொண்டு போக, மீசைக்காரரின் பழைய வீடியோ ஒன்று கிடைத்தது. சொன்னதும் நீ கதிரையில் நிமிர்ந்தாய். "போடு, போடு. ஒண்டும் விடாமல் பாத்துச் சொல்லு." உன் மனைவி தேத்தண்ணியோடு வந்து எனக்குப் பின்னால் நின்றார். மங்கலான படத்தில் அந்த மீசை வந்தது. பந்தை வாங்கினார், எழும்பினார், வலக்கையால் எறிந்தார். விழுந்தது. அடுத்ததும் வலக்கை. அதற்கடுத்ததும்.

உன் இடக்கை மடியிலிருந்து எழும்பி, விரல்கள் மடங்கி, வீடியோவின் சத்தத்தைக் கேட்டு அவரோடு சேர்ந்து எறிந்துகொண்டிருந்தது.

"எந்த உயரத்திலை விடுறார் மச்சான்?"

"நெத்திக்கு மேலை."

"இடக்கை?"

"ஓம். இடக்கைதான்."

உனக்காகச் சொன்ன பொய் என்று வீடு வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண் போனவனிடமிருந்து இதையும் பறிக்கலாமா என்று. அது முழுக்க உண்மையில்லை. மீசைக்காரர் வலக்கையர் என்று சொன்னால், படத்தை மாற்றிக் கீறியது யார் என்பது அடுத்த கேள்வி. அந்தப் படத்தால் ரீமில் இடம் இழந்தது யார், அந்த இடத்தில் போய் நின்றது யார் என்பது அதற்கடுத்தது. எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று வருவேன். நீ சின்னவனைத் திட்டத் தொடங்குவாய், நேரம் போய்விடும். உன் காலில் புண் வந்தது, பிறகு சிறுநீரகம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதே பாயின்ற் கேள்வியைக் கேட்டாய், குரல் மட்டும் குறைந்திருந்தது. அங்கேயும் நான் இல்லை என்றுதான் சொன்னேன்.

முப்பத்தோராம் நாள் அந்த உறையைத் தந்துவிட்டு உன் மனைவி உடனே உள்ளே போகவில்லை.

"அண்ணை, அண்டைக்குப் பின்னாலை நிண்டு நானும் வீடியோவைப் பாத்தனான்" என்றார்.

நான் தாளை இன்னொரு தரம் விரித்தேன்.

"நீங்கள் போன பிறகு அவருக்குச் சொன்னனான், அந்த ஆள் வலக்கையாலை எல்லோ எறியிறார் எண்டு. பிறகு இந்தத் தாளை எடுத்து அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னாலை பிடிச்சுப் பாக்கச் சொன்னவர். கண்ணாடியிலை வலக்கை."

"கோவிச்சவரோ?"

"இல்லை. அவனட்டைக் கேட்டிடாதை, அவனாச் சொல்லட்டும் எண்டவர்." அவர் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒவ்வொரு ஞாயிறும் உங்கடை மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கை வழியாலை போய் முடிய, இண்டைக்கும் சொல்லேல்லை எண்டுவார். அவ்வளவுதான்."

நாலு வருஷ ஞாயிறுகளை நான் உட்கார்ந்து எண்ணவில்லை. எண்ண ஏலாது மச்சான். பாயின்ற் இருக்கோ என்று வென்ற திமிரில் கேட்கிறாய் என்று நினைத்தேன். நீ எனக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். வலக்கையர் என்று தெரிந்த பிறகும் அந்த இடக்கைக்காக அவ்வளவு நாளும் என்னோடு சண்டை பிடித்தாய். எந்த வீடியோவிலும் இல்லாத அந்த இடக்கைக்காரனைக் கோயிலடி ரிங்கில் கண்ணால் கண்டவன் நான். இருந்தும் சின்னவன் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

சான்றிதழை நேற்றுச் சுவரிலிருந்து கழற்றினேன். ஆணியிருந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை. படிக்கட்டை நாளைக்குக் கீறிக் கொடுக்கலாம். வியாபாரி எப்படியும் இன்னொரு தரம் மாற்றச் சொல்வார். ஞாயிறு காலைகளில் மட்டும், மோட்டார் சைக்கிள் திறப்புக் கோர்வையைக் கையில் எடுத்தபிறகு, உன் கேள்வி வந்து வாசலில் நிற்கிறது. வேறை ஏதும் பாயின்ற் இருக்கோ உன்னட்டை?

ஓம் மச்சான், இருக்கு. அவர் வலக்கையர். படத்தை மாறிக் கீறினது நான்தான்.