மூன்று நாள் பத்தியம்

நவ. 6, வியாழன்
விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. வாங்க வேண்டியது: புளி, பினாயில், நைனாவுக்கு ரப்பர் செருப்பு.

பழைய செருப்பு கடித்துப் பத்து நாளாக அவர் காலில் கொப்புளம். இன்று உடைந்துவிட்டது. சர்க்கரை உடம்பு. அதன்மேல் மஞ்சளை அரைத்துப் பற்று, சாக்ஸ், மார்க்கெட் கமிட்டியில் நெல் வியாபாரம். கேட்டால், "வலியே இல்ல, அப்புறம் இன்னாத்துக்கு டாக்டரு?" வலி இல்லாததுதான் ஆபத்து என்று கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

நவ. 8, சனி
பெருவிரல் கறுத்திருக்கிறது. வாடை வேறு.

"இப்பவே கெளம்பு நைனா."

"புதங்கெழமை போலாம். மூணு நாளு கேவுரு கூழு குடிச்சிட்டுப் போனா சுகர் கம்மியா காட்டும். இப்பப் போனா டாக்டரம்மா திட்டும்."

எப்போதும் இதே கதை. டெஸ்டுக்கு முன் மூன்று நாள் பத்தியம், டெஸ்ட் முடிந்த அன்றே பஸ் ஸ்டாண்டில் ஜாங்கிரி. அறுபத்தெட்டு வயது. ஊரையே விலை பேசுகிற வாய். திட்டு வாங்கப் பயமாம்.

கட்டிலை விட்டு அசையவில்லை. கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன், புதன்கிழமையே போகலாம் என்று. போன தடவை டாக்டரம்மா, "வீட்ல யாரு சமைக்கிறது?" என்று கேட்டது எனக்கும் உறைத்திருக்கிறது. வெட்கக்கேடு.

நவ. 10, திங்கள்
காலை வெந்தயத் தண்ணீர். மதியம் கேழ்வரகுக் கூழ். இரவு கூழ். கரண்ட் இல்லை. லேசாகக் காய்ச்சல் அவருக்கு. "மழைக்கி" என்கிறார். என் மேலேயே எரிச்சல்.

நவ. 12, புதன்
ஆஸ்பத்திரி வரிசையில் முன்னால் ஒருத்தி: "பிரஷர் பாக்கறதே தப்புக்கா. பாத்தாதான இருக்குதுன்னு சொல்றாங்க." அறையலாம் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

சாக்ஸைக் கழற்றியதும் டாக்டரம்மா திட்டவே இல்லை. மூன்று மாதச் சர்க்கரையைச் சேர்த்துக் காட்டும் டெஸ்டாம், கூழெல்லாம் அதனிடம் செல்லாது. சனிக்கிழமை வந்திருந்தால் ஒரு விரலை எடுப்பதோடு போயிருக்குமாம். இப்போது இரண்டு. மேலே பரவினால் பாதம். சனிக்கிழமை வண்டியில் தூக்கிப் போடாமல் அடுப்பு பற்றவைத்தவள் நான்.

ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நைனா என் காதோரம் குனிந்து கேட்டார்:

"ஏம்மா, இன்னும் ரெண்டு நாளு கூழு குடிச்சிட்டு வந்திருக்கலாமோ?"