பதினைந்து நாள் என்று எழுதியவள்

டிசம்பர் 2, 2023

காலையிலிருந்து முட்டைக்கோசு. மத்தியானம் பீன்ஸ். நாலு மணிக்கு மறுபடி முட்டைக்கோசு. எங்கள் இயற்கை விவசாய மையத்தின் குளிர்காலப் பாடத்தாள்களை மலையாளத்திலிருந்து தமிழில் எழுதி முடிப்பதற்குள் எனக்கே வேர் விட்டுவிடும் போலிருக்கிறது.

ஐந்தாம் தாள் மீன் கரைசல். சாளை மீனும் வெல்லமும் சம எடை, மூடிய டப்பாவில் பதினைந்து நாள், பிறகு வடிகட்டித் தண்ணீர் கலந்து செடிக்குத் தெளிக்க வேண்டும். நாங்கள் சைவம். மீன்காரர் எங்கள் வாசலில் குரல்கூடக் கொடுக்கமாட்டார். நான் இதைச் செய்ததே இல்லை. செய்தவர்கள் எழுதியதைத்தானே மாற்றி எழுதுகிறேன்?

நாளை மலைமேல் போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் வகுப்பு. உலகம்மை என்கிற தொழிலாளி வீடு வீடாகப் போய்ப் பேசிப் பதினோரு பெண்களைச் சேர்த்து வைத்திருக்கிறாள்.

டிசம்பர் 3

போய் வந்தேன். முதுகு போயிற்று. வகுப்பிலேயே மீனை வெட்டி அவரவர் டப்பாவில் போட்டார்கள். நான் தள்ளி நின்று தாளை வாசித்தேன்.

டிசம்பர் 11

ஒன்றுமில்லை. இந்த ஊரில் குளிர்காலம் என்றால் மின்விசிறியை ஐந்திலிருந்து நாலுக்குக் குறைப்பது.

டிசம்பர் 20

உலகம்மை போன் செய்தாள். முந்தாநாள் கரைசலைத் தெளித்திருக்கிறார்கள். மறுநாள் காட்டுப்பன்றி காய்கறிப் பாத்திகளில் இறங்கிவிட்டது.

"பச்ச மீன் நாத்தம் போகவே இல்லக்கா. தாளுல பதினஞ்சுன்னு இருந்துச்சு, தெளிச்சிட்டோம். ஒரு பாத்தி விடாமக் கெளறிட்டு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மலைக்குளிர்! குளிரில் தோசைமாவு புளிக்காது என்று தெரியாத பெண் உண்டா? மீன் மட்டும் எப்படிப் புளிக்கும்? எனக்கு ஏன் உறைக்கவில்லை — சே.

டிசம்பர் 22

மையத்துக்குப் பொறுப்பு ஷைலஜா. என்னைவிடப் பத்து வயது சின்னவள். விஷயத்தைச் சொன்னேன். "நம்பர் மாத்தி அடிச்சா மதி, சேச்சி. தெற்றுன்னு எழுதினா இனி ஆரு நம்ம தாளை வாசிக்கும்?" என்றாள். நாள் கணக்கை மட்டும் மாற்றினால் போதும், தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டாமாம். தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும்.

டிசம்பர் 24

இரண்டு பஸ் மாறிப் போனக்காடு. பாத்திகளைப் பார்த்தேன். உழுது போட்ட மாதிரி இருந்தது. அதைவிட மோசம், குழாயடியில் யாரும் உலகம்மையோடு பேசவில்லை. பதினோரு பேரில் ஒருத்தியான தாசம்மாள் மட்டும் என்னிடம் வந்து, உலகம்மை காதில் விழும்படி சொன்னாள்: "நான் இன்னும் டப்பாவத் தொறக்கவே இல்ல. இவ கூட்டிட்டு வந்த வினை, எம்பாத்தியும் போச்சு."

உலகம்மை என்னை வழியனுப்பும்போதுதான் கேட்டாள். "அக்கா, நீங்க இத ஒரு தடவையாவது கலக்கிப் பாத்திருக்கியளா?"

இல்லை என்றேன். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

டிசம்பர் 26

ஒரு கிலோ சாளை வாங்கினேன். ஐம்பத்திரண்டு வயதில் முதல் மீன்.

"வீட்டுக்குள்ள மீன் கேறப்பிடாது, கேட்டியா!" என்றார் என் கணவர்.

"உள்ள யாரு கொண்டு போனா? மொட்டை மாடிக்குத்தான்."

கத்தி பிடிக்கத் தெரியாமல் விரலை வெட்டிக்கொண்டேன். கடைசியில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இவர்தான் டப்பாவைப் பிடித்தார். குமட்டிக் குமட்டி முடித்தேன்.

ஜனவரி 10, 2024

பதினைந்தாம் நாள். திறந்தேன். மீன் வாடையே இல்லை, புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை. ஆக, பதினைந்து நாள் கீழே ஊரில் சரிதான். மேலே மலையில் தவறு. தாசம்மாளுக்குப் போன் செய்து, டப்பாவை மூடியே வைக்கச் சொன்னேன். "வச்சுட்டுத்தான் இருக்கேன், வேறென்ன செய்ய" என்றாள்.

ஜனவரி 15

தாசம்மாள் கூப்பிட்டாள். நாற்றம் போய்விட்டதாம். இன்றோடு நாற்பத்துமூன்று நாள்.

ஜனவரி 23

சண்டை போடத் தெம்பில்லை. அதனால் போன வாரம் ஷைலஜாவிடம் பிடிவாதம் பிடித்தேன். இந்த வரிகள் இல்லாமல் அடுத்த தாளுக்குக் கையை வைக்கமாட்டேன் என்றேன்: "மலையில் ஒன்றரை மாதம் ஆகும். மீன் வாடை முழுக்கப் போன பிறகே தெளிக்கவும். பதினைந்து நாள் என்று முன்பு எழுதியது என் தவறு. செய்து பார்க்காமல் எழுதிவிட்டேன் — கிருஷ்ணவேணி."

ஷைலஜா இரண்டு நாள் தாளை மேசையிலேயே போட்டு வைத்திருந்தாள். பிறகு அச்சுக்கு அனுப்பிவிட்டாள். நல்ல காரியம் செய்துவிட்டதாக எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பிப்ரவரி 4

போனக்காடு. பதினோரு பேரில் நாலு பேர் வந்தார்கள். உலகம்மை வரவில்லை. வகுப்பு முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். பாத்தியைச் சுற்றிப் பழைய சேலை கட்டிக்கொண்டிருந்தாள். தாளை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு, விரல் வைத்து மெதுவாக வாசித்தாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

"எல்லாம் உங்களப் பத்தியே போட்டிருக்கிய. ஏச்சு வாங்குனது நானில்லா? எம்பேரு எங்க?"

இத்தனை நாளில் ஒரு தடவைகூட — ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே!

என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். சொன்னாள். அவள் வாசற்படியில் உட்கார்ந்து, கையிலிருந்த முப்பது தாளிலும் அச்சுக்குக் கீழே எழுதினேன்: "உலகம்மை மேல் ஒரு தவறும் இல்லை." ஒவ்வொன்றையும் வாசித்துப் பார்த்த பிறகே அடுத்ததை எடுத்துக் கொடுத்தாள். கை கடுத்தது. பஸ்ஸும் போய்விட்டது.

முடிந்ததும் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, என்னை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, முதலில் தாசம்மாள் வீட்டுக்குப் போனாள்.