வடிகட்டியைக் கழற்றிவிடு

ரெய்னர்ஸ் லேன்

அன்புத் தங்கைக்கு,

நீ நம் வீட்டுக் கிணற்றுக் குழாயில் பூட்டுவித்த வடிகட்டி, தோட்ட உரத்தால் தண்ணீரில் சேர்ந்த நைத்திரேற்று நஞ்சை நீக்கிவிட்டது என்ற ஆய்வு முடிவு கிடைத்தது. தண்ணீர் கூடாது என்றுதானே மகன் என்னை ஊருக்கு விட மறுத்தான்? அவன் முன்னால் நின்று சத்தமாக வாசித்தேன்.

"நல்லதாப் போச்சு அம்மா. இனி வீட்டை நல்ல விலைக்கு விக்க ஏலும்" என்றான்.

உன் அத்தான் கண்மூடுமுன் வீட்டை அவன் பெயரில் எழுதிவைத்துவிட்டுப் போனவர்.

இங்கே மகன் வீட்டில் எனக்கு ஒரு குறையுமில்லை. என் கடவுச்சீட்டுகூட அவனுடைய அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் இப்படி எழுதக்கூடாது. ஆனாலும் நாளைக்கே வடிகட்டியைக் கழற்றி உன் வீட்டில் வை. வீட்டை வாங்க வருகிறவர்கள் பழைய தண்ணீரையே பரிசோதிக்கட்டும்.

நான் வந்ததும் திரும்பப் பூட்டுவோம்.

அன்புடன்,
அக்கா