மாலை கழட்டின படம்

இஞ்சாருங்கோ,

புட்டும் கத்தரிக்காய்க் கறியும் மூடி வைச்சிருக்கு. வேலையால வந்து சாப்பிடுங்கோ. நான் பேர்லினுக்குப் போறன். போர்க்குற்றங்களைக் கவனிக்கிறதுக்கெண்டே ஒரு நாடு நியமிச்ச தூதுவர் அங்க வந்து எங்கட சனத்தின்ர சாட்சியத்தைக் கேட்கிறார். நாளைக்குப் பத்து மணிக்கு வரச்சொல்லி எனக்கு டெர்மின் தந்திருக்கினம்.

எங்கட மகன் ஷெல் விழுந்து செத்தவன் எண்டு அகதி விண்ணப்பத்தில எழுதினம். அப்பிடி எழுதினால் மேற்கொண்டு கேள்வி வராது எண்டு சொன்னீங்கள். பிறகு நாங்களே அதை நம்பி, வருஷா வருஷம் திவசமும் செய்யிறம். அவன் சண்டை முடியேக்க ஆமியிட்ட உயிரோட சரணடைஞ்சவன் எண்டு நாளைக்குச் சொல்லப்போறன். எங்கட பாஸ்போட்டுக்குப் பிரச்சினை வந்தால் வரட்டும்.

அவன்ர படத்தை எடுத்துக்கொண்டு போறன். மாலையைக் கழட்டிச் சாமித்தட்டில வைச்சிருக்கு. இனித் திவசம் வேண்டாம். கொண்டுபோனவை பதில் சொல்லட்டும்.

பிள்ளையை ஆர் கூட்டிக்கொண்டுபோய் ஒப்படைச்சது எண்டு கட்டாயம் கேட்பினம். கூட்டிக்கொண்டு போனது நீங்கள்தான். ஆனால் பேரைப் பதிஞ்சுபோட்டு விட்டிடுவினம், கெதியாய்க் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு உங்களை நெருக்கினது நான். இவ்வளவு காலமும் அதை நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

நாளைக்கு நான் சொல்லுவன்.

இப்படிக்கு,
எங்கட பிள்ளையின்ர அம்மா